இரவில் கார் ஓட்டுதல்: முந்தைய நாள் தூக்கம் முதல் வந்து சேரும் வரை

பகலில் தயக்கமின்றி ஓட்டும் பலருடைய முதல் இரவுப் பயணத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சென்றிருக்கிறேன். அவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதையும், வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதையும் அவர்கள் இணைத்துப் பார்ப்பதில்லை. பகலில் அதற்குத் தேவையே எழுவதில்லை. இரவில் கண்ணுக்குத் தெரியும் சாலை விளக்கொளியின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. அந்த எல்லைக்குள் நிற்க முடியாத வேகத்தில் செல்பவர், தான் இன்னும் பார்க்காத சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கீழே வரும் படிகள் யாவும் பார்க்கும் தூரத்தைக் கூட்டுவதற்கோ நிற்கும் தூரத்தைக் குறைப்பதற்கோ உரியவை. அவற்றின் வரிசைக்கும் காரணம் உண்டு. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒரு சொல் விளக்கம்: எதிரே வண்டிகள் வரும் பக்கத்தை எதிர்ப்பக்கம் என்றும், அதற்கு மறுபுறத்தை ஓரப்பக்கம் என்றும் குறிப்பிடுகிறேன். இடப்புறம் ஓட்டுபவருக்கும் வலப்புறம் ஓட்டுபவருக்கும் இது ஒருங்கே பொருந்தும்.

1. முன்னதாகச் சேர்த்து வைக்க வேண்டியவை

சுத்தமான இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள், கண்ணாடி துடைக்கும் திரவம், டயர் காற்றழுத்தமானி, ஒரு டார்ச், ஒளி திருப்பும் எச்சரிக்கை முக்கோணம், ஒளி திருப்பும் மேலங்கி ஆகியவை போதும். விளக்கு ஹாலோஜன் வகையாக இருந்தால் அதே அளவுள்ள மாற்று பல்பு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலங்கியையும் டார்ச்சையும் டிக்கியில் போட்டு வைப்பது வழக்கமான தவறு. அவை தேவைப்படும் நேரத்தில் வண்டி இருட்டில் நின்றுபோயிருக்கும்; டிக்கியைத் திறக்கச் செல்பவர், பின்னால் வரும் வண்டிகளுக்கும் தன் வண்டிக்கும் இடையில் போய் நிற்க வேண்டியிருக்கும். இருக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில் அவற்றை வையுங்கள். கைப்பேசியின் விளக்கு டார்ச்சுக்கு மாற்றாகாது, ஏனெனில் அந்த நேரத்தில் கைப்பேசியின் சார்ஜ் உதவிக்கு அழைப்பதற்குத் தேவைப்படும்.

2. முந்தைய இரவின் தூக்கத்தைக் கணக்கிடுங்கள்

வண்டியைத் தொடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட வேண்டும். பிற ஏற்பாடுகள் எல்லாம் முடிந்த பிறகு ‘இன்று வேண்டாம்’ என்று முடிவெடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்குவதாகவும், 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 விழுக்காட்டுக்கு இணையாவதாகவும் சோதனைகள் காட்டியுள்ளன. காலை 6 மணிக்கு எழுந்து, நாள் முழுவதும் வேலை செய்து, இரவு 9 மணிக்குப் புறப்படுபவர் 11 மணிக்கே அந்த 17 மணி நேரத்தை எட்டிவிடுகிறார். பயணம் அதற்கு மேலும் நீளுமானால் பிற்பகலில் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டுப் புறப்பட வேண்டும், அல்லது இரண்டாவது ஓட்டுநர் ஒருவர் உடன் வர வேண்டும்.

நன்றாகத் தூங்கியவருக்கும் பின்னிரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை உடலின் உள்கடிகாரம் விழிப்பைத் தானாகவே குறைக்கிறது. ‘சாலை காலியாக இருக்கும்’ என்பதற்காக அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்பதில்லை. சளிக்கும் ஒவ்வாமைக்கும் உட்கொள்ளும் மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை என்பதால், அன்றைக்கு எடுக்கும் மருந்துகளின் எச்சரிக்கைக் குறிப்பையும் படித்துவிடுங்கள்.

3. பகல் வெளிச்சத்தில் கண்ணாடிகளைத் துடையுங்கள்

விளக்கைச் சோதிப்பதற்கு முன் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியதால் ஒருமுறை எனக்கே வீண் செலவு ஏற்பட்டது: எதிர் வெளிச்சம் கூசுகிறது, சாலை மங்குகிறது என்று இரண்டு பல்புகளையும் மாற்றிய பிறகுதான், குறை முன்கண்ணாடியின் உட்புறத்தில் இருந்தது தெரிந்தது.

வண்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் வெயிலில் சூடாகும்போது அவற்றிலிருந்து ஆவியாகும் பொருள் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. இரவில் எதிர் விளக்கின் ஒளி அதில் பட்டுச் சிதறிக் கண்ணாடி முழுவதையும் வெண்மையாக்கிவிடும். எனவே வெளிப்புறத்தைவிட உட்புறத்திற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஒரு துணியால் திரவம் தடவித் துடைத்து, மற்றொரு உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். ஒரே துணியைப் பயன்படுத்தினால் படலம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு நகருமே தவிர நீங்காது. உட்புறத்தை மேலிருந்து கீழாகவும் வெளிப்புறத்தைப் பக்கவாட்டிலும் துடைத்தால், பிறகு ஏதேனும் கோடு தெரியும்போது அது எந்தப் பக்கத்தது என்பதை அதன் திசையே காட்டிவிடும்.

வைப்பர் ரப்பர் கெட்டியாகிவிட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். அது விட்டுச்செல்லும் நீர்க்கோடுகள் பகலில் சிறு தொந்தரவு, இரவில் ஒவ்வொரு கோடும் ஓர் ஒளிக்கீற்று. பின்கண்ணாடி, பக்கவாட்டுப் பின்பார்வைக் கண்ணாடிகள், பின்விளக்குகள் ஆகியவற்றையும் துடைத்த பிறகு முகப்பு விளக்குகளுக்கு வாருங்கள்.

4. டயர், சுமை, அதன் பிறகே விளக்கின் கோணம்

முகப்பு விளக்கு எங்கே ஒளி பாய்ச்சுகிறது என்பது வண்டி நிற்கும் சாய்வைப் பொறுத்தது. காற்று குறைந்த டயரும் டிக்கியில் ஏற்றிய சுமையும் வண்டியின் பின்புறத்தைத் தாழ்த்தி முன்புறத்தை நிமிர்த்துகின்றன. ஆகவே முதலில் டயர்கள் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிசெய்து, பயணச் சுமையை ஏற்றி, கடைசியாக விளக்கின் கோணத்தைப் பாருங்கள். வெற்று வண்டியில் கோணத்தைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு பெட்டிகளை ஏற்றுபவர், எதிரே வருபவர்கள் கண்ணில் இரவு முழுவதும் ஒளி பாய்ச்சிக்கொண்டு செல்வார். அவர்கள் ஏன் தன்னைப் பார்த்து விளக்கைச் சிமிட்டுகிறார்கள் என்பதும் அவருக்குப் புரியாது.

சமதளத்தில் சுவருக்கு மிக அருகில் வண்டியை நிறுத்தி, லோ பீமின் (எதிரே வருபவரைக் கூசச் செய்யாதபடி தாழ்வாக விழும் ஒளியின்) நடுப்புள்ளி விழும் உயரத்தைச் சுவரில் குறியுங்கள். பிறகு நேராக 10 மீட்டர் பின்னால் வாருங்கள். இப்போது ஒளியின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். துல்லியமான அளவு வண்டிக்கு வண்டி சற்று மாறும் என்பதால் கையேட்டில் உள்ளதையே இறுதியாகக் கொள்ளுங்கள். ஸ்டீயரிங்குக்கு அருகில் 0 முதல் 3 அல்லது 4 வரை எண்கள் கொண்ட சிறு சக்கரம் பல வண்டிகளில் உண்டு. ஓட்டுநர் மட்டும் செல்லும்போது 0, சுமை கூடக்கூட அடுத்த எண் என்று வைத்தால் ஒளி கீழே இறங்கும். ஆண்டுக்கணக்கில் வண்டி வைத்திருப்பவர்களில்கூட இந்தச் சக்கரத்தைத் தொட்டே பார்க்காதவர்களை நான் கண்டிருக்கிறேன்.

முகப்பு விளக்கின் மேலுறை பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. வெயிலில் அதன் மேல்பூச்சு தேய்ந்ததும் மஞ்சளித்து மங்கும். அதை மெருகேற்றித் தெளிவாக்கலாம், ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மீண்டும் பூசாவிட்டால் சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பும்.

ஒளி போதவில்லை என்று ஹாலோஜன் விளக்கின் கூட்டுக்குள் எல்இடி பல்பைப் பொருத்துவது இன்று பரவலாகிவிட்ட தவறு. கூட்டின் வளைவு, ஹாலோஜன் இழை இருக்கும் இடத்தை வைத்து வடிவமைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் சிறிது விலகினாலும் கற்றை கலைந்துவிடும். வண்டிக்கு நேர் முன்னால் உள்ள சாலை பளிச்சென்று தெரிவதால் ஓட்டுநர் திருப்தி அடைகிறார். ஆனால் அந்த அருகாமை வெளிச்சத்துக்குக் கண்பாவை சுருங்குவதால் தொலைவு முன்பைவிட மோசமாகத் தெரிகிறது. உங்களுக்குத் தேவை பம்பருக்கு முன்னால் ஐந்து மீட்டர் வெளிச்சம் அன்று. அறுபதாவது மீட்டரில் வெளிச்சம்.

5. கண்ணைத் தயார் செய்யுங்கள்

வெளிச்சமான அறையிலிருந்து இருட்டுக்கு வந்த கண் முழுமையாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், வெளிச்சமான இடத்திலிருந்து வந்ததும் உடனே வேகமெடுக்காமல் முதல் சில நிமிடங்களை மெதுவாக ஓட்டுங்கள். டாஷ்போர்டு வெளிச்சத்தைப் படிக்க முடிகிற மிகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள், வழிகாட்டித் திரையை இரவு நிறத்திற்கு மாற்றுங்கள், உள்விளக்கை அணையுங்கள். பின்னிருக்கையில் ஒருவர் முழு வெளிச்சத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தால் அது முன்கண்ணாடியிலும் எதிரொளிக்கும் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சுள்ள லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள். ‘இரவு ஓட்டுதலுக்கு’ என்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடிகளை நான் பரிந்துரைப்பதில்லை. கூச்சம் குறைந்ததாகத் தோன்றும், ஆனால் எந்த நிறக் கண்ணாடியும் கண்ணுக்குள் செல்லும் மொத்த ஒளியைக் குறைக்கவே செய்யும், இரவில் அந்த ஒளிதான் பற்றாக்குறை. விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் அது கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டிய பிறகே இரவில் ஓட்டுங்கள். 60 வயதானவரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதானவருக்கு அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அனுபவம் மிகுந்த முதியவர் ‘முன்பு போலத் தெரியவில்லை’ என்று சொன்னால் அதைத் தயக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

6. அந்தியிலேயே விளக்கைப் போடுங்கள்

சூரியன் மறையும் நேரத்தில் முகப்பு விளக்கு சாலையைக் காட்டாது; வானம் இன்னும் வெளுப்பாக இருப்பதால் வண்டிகளின் வடிவங்கள் மட்டும் மங்கிக்கொண்டே வரும். அப்போது விளக்கு மற்றவர் நம்மைக் காண்பதற்காக. ‘எனக்குத் தெரிகிறதே’ என்று அணைத்து வைத்திருப்பவர் அதை மறந்துவிடுகிறார்.

பகல்நேர விளக்கு உள்ள வண்டிகளில் மற்றொரு குழி இருக்கிறது. பல வண்டிகளில் பகல்நேர விளக்கு எரியும்போது பின்விளக்குகள் எரிவதில்லை. முன்னால் வெளிச்சம் தெரிகிறது, டாஷ்போர்டும் ஒளிர்கிறது என்பதால் விளக்கு போட்டாயிற்று என்று எண்ணி ஓட்டுபவரின் வண்டி, பின்னால் வருபவருக்கு முழு இருட்டாகவே இருக்கும். தானியங்கி விளக்கையும் முழுமையாக நம்ப வேண்டாம். அதன் உணரி வெளிச்சத்தை மட்டுமே அளக்கிறது, பகல் மூடுபனியையும் மழையையும் எப்போதும் உணர்வதில்லை. சுவிட்சை நீங்களே திருப்பிவிடுவது எளிது.

7. வேகத்தை ஒளியால் அளந்து ஓட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

லோ பீம் ஏறத்தாழ 40 முதல் 60 மீட்டர் வரைதான் பயனுள்ள ஒளி தரும். நேராகத் தொலைவுக்குப் பாயும் ஹை பீம் 100 மீட்டரைத் தாண்டும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி எடுத்துக்கொள்கிறார், சாலை உலர்ந்திருக்கிறது, டயரும் பிரேக்கும் நல்ல நிலையில் உள்ளன என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்க ஏறத்தாழ 45 மீட்டர் தேவை. 80 கிலோமீட்டரில் அது 68 மீட்டர்; 100 கிலோமீட்டரில் 97 மீட்டர். அதாவது 80 கிலோமீட்டர் வேகத்தில் லோ பீமில் செல்பவர், விளக்கு காட்டும் தடையின் மீது மோதிய பிறகே நிற்பார். அவருடைய திறமைக்கு இதில் வேலையே இல்லை.

ஓடும் வண்டியில் மீட்டர் கணக்குப் பார்க்க இயலாது. அதற்குப் பதிலாக விநாடிகளை எண்ணுங்கள். சாலையோரத்தில் ஒளி திருப்பாத ஏதேனும் ஒரு பொருள், ஒரு மரத்தடியோ கல்லோ, உங்கள் விளக்கொளியில் முதன்முதலாகத் தெரியும் கணத்திலிருந்து எண்ணத் தொடங்கி, அதைக் கடக்கும்போது நிறுத்துங்கள். நான்கு விநாடிகள் ஆனால் அந்த வேகத்தில் உங்களால் நிற்க முடியும், ஏனெனில் மேலே சொன்ன மூன்று வேகங்களிலும் நிற்கும் தூரம் மூன்றரை விநாடி ஓட்டத்திற்குள் அடங்கிவிடுகிறது. நான்குக்குக் குறைந்தால் வேகத்தைக் குறைத்து மறுபடியும் எண்ணுங்கள். புதியவர்கள் இதில் செய்யும் தவறு, ஒளி திருப்பும் கம்பத்தையோ பலகையையோ எடுத்துக்கொள்வது. அவை பல நூறு மீட்டர் தொலைவிலேயே மின்னிவிடும். சாலையில் நடப்பவரின் கறுப்புச் சட்டை அப்படி மின்னாது.

இந்தக் கணக்கிலும் சிறிது பொய் இருக்கிறது. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் பொருளைவிட எதிர்பாராத பொருளைக் கண் தாமதமாகத்தான் கண்டுகொள்ளும். ஆகவே நான்கு விநாடி என்பது மிகக் குறைந்த அளவு. சாலை ஈரமாக இருந்தால் பிரேக் பிடிக்கும் தூரம் ஒன்றரை மடங்கு அல்லது அதற்கு மேலும் ஆகும் என்பதால் நான் ஐந்து எண்ணுகிறேன்.

முன் செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையிலும் இதே நான்கு விநாடி இருக்கட்டும். வளைவில் விளக்கு நேராகவும் சாலை வேறு பக்கமாகவும் செல்வதால் பார்க்கும் தூரம் சட்டென்று சுருங்குகிறது. வேகத்தை வளைவுக்குள் நுழைந்த பிறகு குறைக்காமல், நுழைவதற்கு முன்பே குறைத்துவிடுங்கள். மேட்டின் உச்சியிலும் அப்படியே. முந்திச் செல்லத் தேவைப்படும் தூரம் உங்கள் ஹை பீம் காட்டும் தூரத்தைவிட எப்போதும் அதிகம். பிரிப்பான் இல்லாத இருட்டுச் சாலையில் முந்துவதற்கு இணங்கும்படி யார் கேட்டாலும் நான் மறுத்துவிடுகிறேன்.

8. ஹை பீமையும் லோ பீமையும் மாற்றுதல்

ஆளில்லாத இருட்டுச் சாலையில் ஹை பீம்தான் இயல்பான நிலை. லோ பீம் பிறருக்காக நாம் இறங்கி வருவது. புதியவர்களில் பாதிப்பேர் ஹை பீமை அணைக்க மறக்கிறார்கள், மறுபாதிப்பேர் பயத்தில் அதைப் போடுவதே இல்லை. இரண்டாவது தவறை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை, ஏனென்றால் அது வேறு எவரையும் தொந்தரவு செய்வதில்லை.

எதிர் வண்டியின் விளக்கு நேராகத் தெரிவதற்குக் காத்திருக்க வேண்டாம். வளைவின் மறுபக்கத்து மரங்கள் வெளுப்பதும் மேட்டின் உச்சியில் ஒளி படர்வதும் முன்னறிவிப்புகள். அப்போதே டிம் செய்துவிடுங்கள், அதாவது லோ பீமுக்கு மாற்றிவிடுங்கள். நேர்ச்சாலையில் குறைந்தது 200 மீட்டர் இடைவெளி இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். முன் செல்லும் வண்டியை நெருங்கும்போதும் அப்படியே. உங்கள் ஹை பீம் அவருடைய மூன்று பின்பார்வைக் கண்ணாடிகளிலும் புகுந்து கண்ணைக் கூசச் செய்யும்.

டிம் செய்த அதே நேரத்தில் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள். நான் உடன் சென்றவர்களில் பெரும்பாலோர் தவறவிட்டது இதைத்தான். பார்க்கும் தூரம் பாதியாகச் சுருங்கிவிட்டது, வேகம் மட்டும் ஹை பீம் வேகமாகவே தொடர்கிறது. மேலும், எதிர் விளக்குகளுக்குப் பின்னால் உள்ள இடமும் அவற்றுக்குப் பக்கத்தில் உள்ள இடமும் சில விநாடிகள் கறுப்புக் குழியாகிவிடும். அங்கே நடந்துகொண்டிருப்பவர் நம் கண்ணுக்கு இல்லாமலே போய்விடுகிறார்.

பார்வையை எதிர் விளக்குகளில் வைக்காமல் ஓரப்பக்கத்து வெள்ளைக் கோட்டில் வையுங்கள். கோடு இல்லாவிட்டால் தார் முடியும் விளிம்பைப் பாருங்கள். வண்டியை நேராகச் செலுத்த அது போதும், கண்ணும் கூசாது. ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கத்தைச் சிலர் சொல்லித் தருவதுண்டு. தூரத்தை மதிப்பிடும் திறனையே அது குலைப்பதால் நான் அதை ஏற்பதில்லை.

எதிரே வருபவர் டிம் செய்யாவிட்டால் ஒருமுறை சிமிட்டிக் காட்டுங்கள். அதற்கும் அவர் மாற்றாவிட்டால் வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்குங்கள். பதிலுக்கு ஹை பீம் போடுவது, பார்வை மறைந்த ஓட்டுநர் ஒருவர் நம்மை நோக்கி வருவதற்குப் பதிலாகப் பார்வை மறைந்த இருவர் ஒருவரை நோக்கி ஒருவர் வரும் நிலையை உண்டாக்குகிறது. கூசிய கண் மீள்வதற்குச் சில விநாடிகள் ஆகும்; 80 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து விநாடி என்பது 111 மீட்டர்.

பின்னால் வருபவரின் ஒளி கூசினால், உட்புறப் பின்பார்வைக் கண்ணாடியின் அடியில் உள்ள சிறு நெம்புகோலை அசைத்து இரவு நிலைக்கு மாற்றுங்கள். அந்த நிலையில் தூரம் சற்று ஏமாற்றும் என்பதால், தடம் மாறும்போது பக்கவாட்டுக் கண்ணாடியையும் பாருங்கள்.

9. பிற வண்டிகளின் விளக்குகளைப் படித்தல்

இரவில் நாம் காண்பது வண்டிகளை அல்ல, ஒளிப்புள்ளிகளை. எதிரே ஒற்றை விளக்கு வந்தால் அது இருசக்கர வண்டி என்று மனம் உடனே முடிவு கட்டிவிடும். ஒரு விளக்கு எரியாத லாரியாகவும் அது இருக்கலாம், எரியாத பக்கம் நம் பக்கமாகவும் இருக்கலாம். முழு அகலமுள்ள வண்டி என்றே கருதி இடம் விடுங்கள்.

சிவப்புப் புள்ளிகள் இரண்டும் நெருக்கமாக இருந்தால் வண்டி தொலைவில் இருக்கிறது என்று மதிப்பிடுகிறோம். பின்விளக்குகள் நெருக்கமாக அமைந்த சிறு வண்டி அருகிலேயே இருந்தாலும் அதே போலத்தான் தெரியும். புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை மட்டும் பார்க்காமல், அந்த இடைவெளி விரிகிறதா என்று கவனியுங்கள். விரிந்துகொண்டே வந்தால் நீங்கள் நெருங்குகிறீர்கள். வேகமாக விரிந்தால் அது நின்றுகொண்டிருக்கிறது.

ஓரத்தில் நிற்கும் லாரி இரவுச் சாலையின் மிக மோசமான பொறி. பின்விளக்கு எரிந்தால், களைத்த ஓட்டுநர் அது ஓடிக்கொண்டிருப்பதாக எண்ணி அதன் பின்னாலேயே செல்கிறார். எரியாவிட்டால் அது தெரிவதே இல்லை. தொலைவில் வரிசையாகத் தெரியும் சாலை விளக்குகளிலோ எதிர் வண்டிகளின் ஒளியிலோ ஒரு பகுதி திடீரென்று மறைந்தால், இடையில் ஏதோ நிற்கிறது என்று பொருள். காலைப் பிரேக்கின் மேல் கொண்டுபோங்கள்.

10. நடப்பவர்களும் விலங்குகளும்

சாலையோரம் நடப்பவர் உங்கள் விளக்கைத் தெளிவாகப் பார்க்கிறார். அதனால் நீங்களும் தன்னைப் பார்த்துவிட்டதாக நம்புகிறார். அந்த நம்பிக்கையோடு அவர் குறுக்கே கடக்கவும் கூடும். ஊர்கள் தொடங்கும் இடங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் தெருவிளக்கு இருந்தால்கூட வேகத்தை இறக்குங்கள், ஏனெனில் இரண்டு விளக்குகளுக்கு இடைப்பட்ட இருட்டில்தான் மனிதர்கள் மறைந்திருப்பார்கள்.

மான், நரி, மாடு முதலியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் இருப்பதால் அவற்றின் கண்கள் மின்னும். ஆனால் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கும் மாட்டிடம் அந்த உதவி கிடைக்காது. ஒரு மான் கடந்தால் பின்னால் மேலும் சில வரும் என்று எண்ணிக் காத்திருங்கள். விலங்கு குறுக்கே வந்துவிட்டால் நேர்கோட்டில் முழு பலத்துடன் பிரேக் போடுங்கள். ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினால் மரத்தின் மீதோ எதிர் வண்டியின் மீதோ மோதவும் வண்டி கவிழவும் வாய்ப்பு உண்டு.

11. மழையும் மூடுபனியும்

ஈரச் சாலை உங்கள் ஒளியை முன்னோக்கி எதிரொளித்து அனுப்பிவிடுகிறது. கோடுகள் மறைகின்றன, எதிர் விளக்குகள் இரட்டிப்பாகின்றன. மூடுபனியில் ஹை பீம் போட்டால் நீர்த்துளிகள் ஒளியை உங்கள் கண்ணுக்கே திருப்பி வெள்ளைச் சுவர் எழுப்பும். லோ பீமும், தாழ்வாக அமைந்த மூடுபனி விளக்கும் போதும். பின்புற மூடுபனி விளக்கைப் பனி விலகியதும் அணைத்துவிடுங்கள், தெளிந்த இரவில் அது பின்னால் வருபவரைக் கூசச் செய்யும். நான்கு விநாடி எண்ணுவதற்குக்கூட இடம் தெரியாவிட்டால், சாலையோரத்தில் நிற்காமல் சாலையை விட்டு முற்றிலும் வெளியேறக்கூடிய இடம் வரை மெல்லச் சென்று நிறுத்துங்கள்.

12. தூக்கம் வந்தால்

கடந்துவந்த கடைசிச் சில கிலோமீட்டர்கள் நினைவில் இல்லை, ஓரக்கோட்டின் மேல் சக்கரம் ஏறுகிறது, திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டீர்கள்: இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். கொட்டாவியோடு சேர்ந்து கண் எரிந்தால் அதற்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். கண் திறந்தபடியே வரும் நுண்தூக்கம் மூன்று விநாடி நீடித்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் 67 மீட்டர் யாரும் ஓட்டாத வண்டியாக ஓடும்.

கண்ணாடியை இறக்குவதும் பாட்டை உரக்க வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவுவதில்லை. அந்தச் சில நிமிடங்கள் ‘சரியாகிவிட்டது’ என்ற எண்ணத்தைத் தருவதுதான் அவற்றின் தீமை. பயன் தருவது இந்த வரிசை: நிறுத்தியதும் ஒரு கோப்பை காபி குடித்து, உடனே 15 முதல் 20 நிமிடங்கள் தூங்குங்கள். காஃபின் வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும் என்பதால், எழும் நேரத்தில் அதுவும் துணைக்கு வரும். அலாரம் வைக்காமல் படுத்து 40 நிமிடங்கள் தூங்கிவிட்டால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்த மந்தம் தலையில் நிற்கும். எழுந்ததும் வெளியே இறங்கி ஐந்து நிமிடம் நடந்த பிறகே ஸ்டீயரிங்கைத் தொடுங்கள். இதுவும் ஒருமுறைக்குத்தான், இரண்டாவது முறையும் தூக்கம் வந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

13. வழியில் வண்டி நின்றுவிட்டால்

உருள முடிகிற வரை சாலையை விட்டு வெளியே கொண்டுபோங்கள். பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள்: நான்கு இண்டிகேட்டர்களையும் ஒன்றாகச் சிமிட்டவிடுங்கள், வண்டிக்குள் இருக்கும்போதே மேலங்கியை அணியுங்கள், எல்லோரையும் ஓரப்பக்கத்துக் கதவு வழியாக இறக்கி, தடுப்பு இருந்தால் அதற்கு அப்பால், வண்டிக்குப் பின்புறமாகச் சற்றுத் தள்ளி நிற்க வையுங்கள். வண்டிக்கு முன்னால் நிற்பவர்கள் மீது, பின்னாலிருந்து மோதப்பட்டால் அவர்கள் வண்டியே வந்து ஏறும்.

முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் குறைந்தது 50 மீட்டரில், வேகச் சாலையில் அதைவிட நன்கு தள்ளி வையுங்கள். அதை விரித்து மார்புக்கு முன்னால் பிடித்தபடி, வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நடந்து செல்லுங்கள். வேகச் சாலையில் தடுப்புக்கு வெளியே நடக்க வழி இல்லாவிட்டால் முக்கோணத்தை வைக்கப் போகவே வேண்டாம். உயிரைவிட அது பெரிதன்று. வண்டியின் பின்புறம் நின்று டயர் மாற்றுவதும், பின்விளக்குகளை மறைத்தபடி டிக்கியைக் கிளறுவதும், அங்கே நின்று கைப்பேசியில் பேசுவதும் நான் திரும்பத் திரும்பக் காணும் தவறுகள்.

14. வந்து சேர்ந்த பிறகு

முன்கண்ணாடியிலும் விளக்குகளிலும் ஒட்டியிருக்கும் பூச்சிகளை அன்றிரவே ஈரத் துணியால் ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள். வெயிலில் காய்ந்த பிறகு தேய்த்தால் விளக்கின் மேலுறையில் கீறல் விழும். வழியில் எத்தனை பேர் உங்களைப் பார்த்து விளக்கைச் சிமிட்டினார்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். மூன்று, நான்கு பேருக்கு மேல் இருந்தால், சுமையை இறக்குவதற்கு முன்பே வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, நான்காம் படியில் சொன்ன அளவை மீண்டும் எடுத்துவிடுங்கள். காலையில் சுமை இறங்கியிருக்கும், தவறும் தெரியாமல் போயிருக்கும்.